கார்டுப் பாதுகாப்பு விதிகளும் கணினியை உறுதிப்படுத்தும் முறையும்

சங்க விற்பனை நிலையத்திற்கு வந்து ஒரு கைத்தறிச் சேலையைத் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளர் ரொக்கமாகவே பணம் செலுத்துவார் என்று இக்காலத்தில் கூறுவதற்கில்லை. அவர் வங்கிக் கார்டை நீட்டுகிறார். நமது விற்பனையாளர் அதனை ஸ்வைப் மெஷினில் செலுத்துகிறார். சில விநாடிகளில் ரசீது வந்துவிடுகிறது. விளைபொருள் விற்பனைச் சங்கங்களின் அங்காடிகளிலும் இதுவே நடைமுறையாகிவிட்டது. கூட்டுறவு வங்கிகளோ கார்டுகளை ஏற்பதோடு நில்லாமல், தம் அங்கத்தினர்களுக்குத் தாமே கார்டுகளை வழங்கியும் வருகின்றன.

அந்தச் சில விநாடிகளில் நாம் மற்றொருவர் பணப்பெட்டியின் சாவியைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறோம். கார்டின் எண், காலாவதித் தேதி, இரகசிய எண் ஆகியவை திருடர் கையில் சிக்குமாயின், கார்டுக்கு உரியவருடைய பணம் மட்டுமன்றிச் சங்கத்தின் நற்பெயரும் போய்விடும். ஆகவே இவற்றைக் காக்கும் முறையை நிர்வாகக் குழுவினர் மட்டுமல்லாமல் அங்கத்தினர் அனைவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். இவ்விஷயத்தில் இருவகை நூல்கள் வழக்கில் உள்ளன. ஒன்று கார்டுப் பாதுகாப்பு விதித் தொகுப்பு. மற்றொன்று கணினிகளை உறுதிப்படுத்தும் குறிப்பேடு. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து இருமுறை பாடுபடாமல், ஒன்றாக இணைத்து நடத்துவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

புனேயில் நிகழ்ந்தது

இஃது எங்கோ வெளிநாட்டுப் பெருவணிகரின் கவலை என்று நாம் எண்ணிவிடலாகாது. 1906ஆம் ஆண்டில் புனே நகரில் தொடங்கப்பெற்ற காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி நம் நாட்டின் தொன்மையான கூட்டுறவு வங்கிகளுள் ஒன்று. 2018 ஆகஸ்டு 11, 13 ஆகிய இரு தினங்களில் அவ்வங்கியிலிருந்து ஏறத்தாழ 94 கோடி ரூபாய் களவு போயிற்று. துப்பாக்கியோ கன்னக்கோலோ அங்கே பயன்படவில்லை. போலியாகச் செய்த கார்டுகளைக் கொண்டு 28 நாடுகளில் உள்ள ஏ.டி.எம்.களிலிருந்து பணம் எடுக்கப்பட்டது.

பணம் எடுக்க வரும் ஒவ்வொரு கோரிக்கையும் ஸ்விட்ச் என்னும் இடைநிலைக் கணினி வழியாக வங்கியின் மூலக் கணக்கைச் சென்றடைந்து, அங்கே இருப்பு உண்டா என்று பார்த்த பின்னரே அனுமதி பெறவேண்டும். களவாடியவர்கள் ஒரு போலி ஸ்விட்சை ஏற்படுத்தி, கோரிக்கைகள் மூலக் கணக்கைச் சென்றடையாதபடி செய்து, தாமே அனுமதி வழங்கிக்கொண்டனர். வாயிலில் நிற்கும் காவலாளியை அகற்றிவிட்டு அவனுடைய உடையில் திருடனே நின்றதற்கு இஃது ஒப்பாகும். வாடிக்கையாளர் கணக்குகளில் பணம் குறையவில்லை என்று வங்கி அறிவித்தது. ஆயினும் இழப்பு வங்கியினுடையது. கூட்டுறவு வங்கியின் இழப்பு என்பது அதன் அங்கத்தினர்களின் இழப்பேயன்றி வேறன்று.

கார்டுப் பாதுகாப்பு விதித் தொகுப்பு

கார்டு நிறுவனங்கள் யாவும் ஒப்புக்கொண்ட விதித் தொகுப்புக்குப் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்று பெயர். இதன் முதற் பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜே.சி.பி., மாஸ்டர்கார்டு, விசா ஆகிய ஐந்து நிறுவனங்களும் சேர்ந்து 2006இல் ஒரு பேரவையை நிறுவி, விதிகளைப் பேணும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தன. நான்காம் பதிப்பு 2022 மார்ச்சில் வெளியாயிற்று. அதன் திருத்தமாகிய 4.0.1 பதிப்பு 2024 ஜூனில் வெளிவந்தது. அப்பதிப்பில் பிற்காலத்திற்கென்று ஒத்திவைக்கப்பட்டிருந்த கடமைகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாயின.

இத்தொகுப்பில் தலையாய விதிகள் பன்னிரண்டு. வலையமைப்புக்கு வேலி அமைத்தல், கணினிகளைப் பாதுகாப்பான அமைப்பில் வைத்தல், சேமித்த கார்டு விவரத்தைக் காத்தல், அனுப்பும்போது மறைக்குறியாக்கி அனுப்புதல், தீய மென்பொருளைத் தடுத்தல், மென்பொருளைப் பழுது நீக்கிப் புதுப்பித்தல், தேவைப்பட்டவருக்கு மட்டும் அனுமதி தருதல், ஒவ்வொருவரையும் தனித்தனியே அடையாளங் காணுதல், இடத்தையும் இயந்திரத்தையும் காவல் செய்தல், நடந்தவற்றைப் பதிவு செய்தல், அடிக்கடி சோதித்தல், இவை அனைத்துக்கும் எழுத்து மூலமான கொள்கை வகுத்தல் என்பன அவை.

இவற்றுள் இரண்டாவது விதி நம் பாடத்தின் உயிர்நிலையாகும். ஒவ்வொரு வகைக் கணினிக்கும் ஓர் அமைப்பு நியமம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், அந்நியமம் தொழில் வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட உறுதிப்படுத்தும் முறைகளையோ உற்பத்தியாளரின் பரிந்துரைகளையோ ஒட்டியிருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஆனால் எந்தத் திருகை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று அது முழுவதும் விவரிப்பதில்லை. அதற்காகத்தான் இரண்டாவது நூலை நாட வேண்டியிருக்கிறது.

உறுதிப்படுத்தும் குறிப்பேடு

புதிதாக வாங்கும் கணினி எவருக்கும் எளிதில் பயன்படும் நோக்கத்துடனேயே அனுப்பப்படுகிறது. பயன்படாத பல சேவைகள் அதில் ஓடிக்கொண்டிருக்கும். சில கருவிகளில் உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல் அப்படியே இருக்கும். அச்சொல் விளக்கப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருப்பதால் உலகமே அறிந்த இரகசியம் அது. இத்தகைய வேண்டாத வாயில்களை அடைத்து, வேண்டிய வாயிலுக்கு நல்ல பூட்டு இடுவதையே வல்லுநர் ‘ஹார்டனிங்’ என்கின்றனர். நாம் ‘உறுதிப்படுத்தல்’ என்போம்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் தோன்றிய, இலாப நோக்கமற்ற சி.ஐ.எஸ். என்னும் நிறுவனம் இதற்கான குறிப்பேடுகளை வெளியிட்டு வருகிறது. விண்டோஸ், லினக்ஸ், தரவுத்தள மென்பொருள்கள், வலையமைப்புக் கருவிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறிப்பேடு உண்டு. ஒவ்வொரு குறிப்பிலும் செய்ய வேண்டியது யாது, ஏன் செய்ய வேண்டும், செய்தால் விளையும் இடையூறு என்ன, செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, இல்லையேல் சீராக்குவது எப்படி என்பவை வரிசையாகக் கூறப்பட்டிருக்கும். குறிப்புகள் இரு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலை அன்றாட வேலைக்கு அதிக இடையூறின்றி எங்கும் கைக்கொள்ளத்தக்கது. இரண்டாம் நிலை, பாதுகாப்பே முதன்மையான இடங்களுக்கு உரியது. அதனால் சில வசதிகள் குறையவும் கூடும்.

ஆக, விதித் தொகுப்பு ‘இது வேண்டும்’ என்கிறது; குறிப்பேடு ‘இவ்வாறு செய்க’ என்கிறது. குறிப்பேட்டை மட்டும் பின்பற்றினால் போதுமா எனில், போதாது. விற்பனையாளருக்குப் பயிற்சி அளித்தல், ஸ்வைப் மெஷினை யாரேனும் மாற்றி வைத்தனரா என்று பார்த்தல், கார்டு விவரத்தைத் தாளில் குறித்து வையாதிருத்தல் ஆகியவை அதில் இடம்பெறமாட்டா. விதித் தொகுப்பு மட்டும் போதுமா எனில், அதுவும் போதாது. ‘பாதுகாப்பான அமைப்பு’ என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கொண்டுவிடுவர்.

இணைக்கும் முறை

முதற்படி எல்லை வகுத்தல். கார்டு விவரம் நுழையும் இடம், கடந்து செல்லும் வழி, தங்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைதல் வேண்டும். அவ்வழியில் உள்ள கணினிகளும், அவற்றோடு தொடர்புடைய கணினிகளும் விதிகளுக்கு உட்பட்டவை. எல்லை எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்குச் செலவும் கவலையும் குறையும். ஸ்வைப் மெஷினுக்குத் தனி இணைப்புத் தந்து, நூல் இருப்புக் கணக்கு எழுதும் கணினியை வேறு இணைப்பில் வைத்தால், இருப்புக் கணக்குக் கணினியில் நேரும் பழுது கார்டுப் பாதையைத் தொடாது.

எல்லையைச் சுருக்கச் சிறந்த வழி, வேண்டாத விவரத்தைச் சேமிக்காதிருப்பதே. இரகசிய எண்ணையும், கார்டில் அச்சிட்டுள்ள சரிபார்ப்பு எண்ணையும் வங்கி அனுமதி வந்த பின்னர் வணிகர் எவரும் வைத்திருத்தல் கூடாது. நம் நாட்டில் இன்னும் கண்டிப்பான நிலை உண்டு. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியும் கார்டு நிறுவனங்களும் தவிர வேறு எவரும் பிற்காலப் பயனுக்காகக் கார்டு விவரத்தைச் சேமித்து வைத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அடையாளத்திற்கும் கணக்குச் சரிபார்ப்புக்கும் கடைசி 4 இலக்கங்களையும் வழங்கிய வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு வகைக் கணினிக்கும் உரிய குறிப்பேட்டைத் தேர்ந்தெடுத்தல். எல்லாவற்றுக்கும் முதல் நிலையையும், கார்டு விவரம் தங்கும் சர்வர்களுக்கு இரண்டாம் நிலையையும் கொள்வது தக்கதாகும்.

மூன்றாம் படி, ஒரே பதிவேடு. கூட்டுறவுச் சங்கத்தாருக்குப் பதிவேடு புதிதன்று. இப்பதிவேட்டில் விதியின் எண், குறிப்பேட்டின் குறிப்பு, நமது அமைப்பு, பொறுப்பாளர், சரிபார்த்த தேதி, அதற்குரிய சான்று என்று ஆறு பத்திகள் போதும். ஓர் உதாரணம் காண்போம். தேவையற்ற சேவைகளை நீக்குக என்பது விதி. அச்சிடும் வேலையே இல்லாத சர்வரிலும் விண்டோஸ் தானாகவே அச்சுச் சேவையை ஓட்டிக்கொண்டிருக்கும். அதனை நிறுத்துக என்று குறிப்பேடு கூறுகிறது. 2021இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ எனப் பெயர் பெற்ற பெரும் பழுது இதே அச்சுச் சேவையில்தான் கண்டறியப்பட்டது. முன்னரே அச்சேவையை நிறுத்தி வைத்திருந்த சர்வர்கள் அந்த ஆபத்திற்கு உள்ளாகவில்லை. ஒரு வேலை, ஒரு சரிபார்ப்பு, ஒரு கையொப்பம். அதனால் இரு கடமைகளும் நிறைவேறுகின்றன.

நான்காம் படி, முன் சோதனை. பாவு முழுவதையும் புதிய சாயத்தில் நனைக்குமுன் ஒரு சிட்டத்தை நனைத்துப் பார்ப்பது நெசவாளர் வழக்கம். அதுபோல ஒரு கணினியில் மட்டும் அமைப்பை மாற்றிச் சில நாட்கள் வேலை செய்து பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு விரிவுபடுத்த வேண்டும். ஒரு குறிப்பு நமது வேலைக்கு ஒவ்வாததாயின் அதனை மறைத்துவிடலாகாது. ஒவ்வாத காரணம், அதற்கு ஈடாகச் செய்த காவல், அனுமதித்தவர் பெயர், மீண்டும் ஆராய வேண்டிய தேதி ஆகியவற்றைப் பதிவேட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டும் வேறுபட்டால்

இரு நூல்களிலும் ஒரே விஷயத்திற்கு இருவேறு அளவுகள் காணப்படுவது உண்டு. அப்போது எதைக் கொள்வது? எந்த நூல் உயர்ந்தது என்று வாதிடாமல், ஒவ்வொரு விஷயத்திலும் எது கண்டிப்பானதோ அதனைக் கொள்வதே முறை.

கடவுச்சொல்லில் குறைந்தது 12 எழுத்துகள் வேண்டும் என்பது கார்டு விதி. விண்டோஸ் குறிப்பேடு 14 என்கிறது. ஆகவே 14ஐக் கொள்வோம். தவறான கடவுச்சொல்லை எத்தனை முறை இட்டால் கணக்கைப் பூட்டுவது என்பதில் கார்டு விதி 10 முறைக்கு மேற்படலாகாது என்கிறது. குறிப்பேடு 5 என்கிறது. 5ஐக் கொள்வோம். ஆனால் பூட்டிய கணக்கு எவ்வளவு நேரம் பூட்டியிருக்க வேண்டும் என்பதில் நிலை மாறுகிறது. குறிப்பேட்டுக்கு 15 நிமிஷங்கள் போதும். கார்டு விதியோ, பயனரின் அடையாளம் உறுதிசெய்யப்பட்டாலொழிய, குறைந்தது 30 நிமிஷங்கள் கேட்கிறது. இங்கே 30ஐக் கொள்ள வேண்டும். கணினியை விட்டு எழுந்து சென்றால் 15 நிமிஷங்களுக்குள் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. குறிப்பேட்டை மட்டும் நம்பி நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய ஒருவர், பூட்டும் நேரத்தில் கார்டு விதியை மீறியவராவார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடவடிக்கைப் பதிவுகளிலும் இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. எந்தெந்தச் செயல்களைக் கணினி பதிவு செய்ய வேண்டும் என்பதைக் குறிப்பேடு நுணுக்கமாகக் கூறுகிறது. அப்பதிவுகளை 12 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், அவற்றுள் அண்மைய 3 மாதப் பதிவுகள் உடனே எடுத்துப் பார்க்கத்தக்கவாறு இருக்க வேண்டும் என்றும் கார்டு விதி கூறுகிறது.

சான்றிதழும் அன்றாடப் பழக்கமும்

ஆண்டுத் தணிக்கையில் நற்சான்று பெற்ற சங்கத்தில் அதற்கடுத்த மாதமே ரொக்க இருப்புக் குறையக்கூடும் என்பதை அனுபவமுள்ள அங்கத்தினர் அறிவர். தணிக்கை என்பது ஒரு நாளைய நிலையைக் காட்டுவது. நாள்வழிக் குறிப்பே ஒவ்வொரு நாளையும் காப்பது. கார்டுப் பாதுகாப்பிலும் இஃதே உண்மை.

அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெரும் அங்காடி நிறுவனம் 2013 செப்டம்பரில் கார்டு விதிகளின்படி சான்று பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 27 தொடங்கி டிசம்பர் 15 வரை அதன் கடைகளில் பயன்பட்ட சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவாடப்பட்டன. குளிர்சாதனப் பணி செய்த ஓர் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள், பணம் பெறும் இயந்திரங்கள் வரை சென்று, அவற்றின் நினைவகத்திலிருந்தே கார்டு விவரங்களைப் பொறுக்கி எடுத்தனர். தானியங்கி எச்சரிக்கைகள் பல வந்தும் நிறுவனம் உரியவாறு செயற்படவில்லை எனத் தோன்றுகிறது என்று 2014 மார்ச்சில் வெளியான அமெரிக்க மேலவைக் குழுவின் அறிக்கை குறிப்பிட்டது. 2017இல் 47 மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1 கோடியே 85 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது.

இதனால் சான்றிதழ் பயனற்றது என்று பொருளாகாது. உறுதிப்படுத்திய கணினியும் நாளடைவில் தளர்கிறது என்பதே இதிலுள்ள பாடம். ஒரு புதுப்பிப்பு ஒரு சேவையை மீண்டும் திறந்துவிடும். பழுது பார்க்க வந்தவர் தற்காலிகமாகத் தளர்த்திய பூட்டைத் திரும்ப இடாமல் சென்றுவிடுவார். வேலையை விட்டு நீங்கியவரின் கணக்கு அப்படியே கிடக்கும். வரப்பை ஒருமுறை கட்டிவிட்டு மழைக்காலம் முழுவதும் வயல் பக்கமே போகாதிருக்கும் விவசாயி உண்டோ? குறிப்பேட்டின் சரிபார்ப்புப் பகுதியை மாதந்தோறும் ஓட்டிப் பார்த்து, மாறியிருப்பதை உடனே சீர்செய்வதே விதித் தொகுப்பும் குறிப்பேடும் இணைவதன் உண்மையான பயன்.

சிறிய சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி ஸ்வைப் மெஷின் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கார்டு எண்ணைத் தன் கணினியில் பதியாத சங்கத்திற்கு மேற்கூறிய யாவும் தேவைப்படா. மெஷினை வழங்கிய வங்கியிடம் கேட்டால் தமக்குரிய சுயமதிப்பீட்டுப் படிவம் எது என்று தெரிவிப்பர். அப்படிவம் சுருக்கமானதாகவே இருக்கும். ஆயினும் கீழ்க்கண்டவற்றை எச்சங்கமும் தவிர்த்தல் கூடாது.

1. மெஷினின் தொடர் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, குறிப்பிட்ட நாட்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய ஒட்டோ இடுக்கில் அந்நியப் பொருளோ காணப்பட்டால் அதனைப் பயன்படுத்தாமல் வங்கிக்கு அறிவிக்க வேண்டும்.

2. மெக்கானிக் என்று கூறிக்கொண்டு வருபவரை, வங்கியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் மெஷினைத் தொடவிடலாகாது.

3. இணைப்புப் பெட்டியிலும் கணினியிலும் உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும்.

4. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால் தவறு செய்தவர் யார் என்று எக்காலத்தும் தெரியாது.

5. கடுமையான பழுதுகளுக்கான புதுப்பிப்புகளை வெளியான ஒரு மாதத்திற்குள் இட வேண்டும். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றதால், அத்தகைய கணினிகளைக் கார்டுப் பாதையிலிருந்து விலக்குவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

6. வாடிக்கையாளரின் கார்டு எண்ணைத் தாளிலோ தொலைபேசியிலோ குறித்து வைக்கலாகாது.

இவற்றுள் பெரும்பாலானவை பணம் கேட்பவை அல்ல, கவனம் கேட்பவை. நூல் கிடங்கின் சாவியை யாரிடம் தருவது, எப்போது திரும்பப் பெறுவது என்று நம் முன்னோர் வகுத்த ஒழுங்கையே இன்று கணினிக்கும் விரிவுபடுத்துகிறோம். ஒவ்வொரு பேரவைக் கூட்டத்திலும் ரொக்க இருப்பைக் கேட்பது போலக் கார்டுப் பாதுகாப்புப் பதிவேட்டையும் கேட்கும் அங்கத்தினர் இருப்பாராயின், அச்சங்கத்தின் காவல் தளராது.

கலந்து பேசுவதற்கு வினாக்கள்

1. நமது சங்கத்தில் கார்டு விவரம் எந்தெந்த இடங்களைக் கடந்து செல்கிறது? அவற்றுள் எதனைக் குறைக்கலாம்?

2. விதித் தொகுப்பும் குறிப்பேடும் வேறுபட்ட அளவுகளைக் கூறினால் எதனை ஏற்க வேண்டும்? ஏன்?

3. கடைசியாக ஸ்வைப் மெஷினின் தொடர் எண்ணைச் சரிபார்த்தவர் யார்? எந்தத் தேதியில்?

4. சான்றிதழ் பெற்ற பின்னரும் மாதந்தோறும் சரிபார்ப்பு ஏன் தேவைப்படுகிறது?